கிட்டார் தந்தி, உப்புப் பாக்கெட், ஓர் ஈர்க்கு: யங் குணகத்தை வீட்டிலேயே அளப்பது எப்படி

என் மகனின் கிட்டாரில் முதல் தந்தி மாதம் ஒருமுறையாவது அறுந்துவிடும். அதனால் அலமாரியில் எப்போதும் இரண்டு உபரித் தந்திகள் கிடக்கும். பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தகைவு, திரிபு நடத்த வேண்டிய வாரத்தில் ஆய்வக அலமாரியைத் திறந்தால், கம்பியின் நீட்சியை அளக்கும் சேர்ல் கருவியின் ஒரு கம்பி துருப்பிடித்துக் கிடந்தது, இன்னொன்றைக் காணோம். வீட்டுக்கு வந்து அந்த உபரித் தந்தியில் ஒன்றை எடுத்தேன். "அம்மா, அது என்னுது" என்றான். "நாளைக்கு வாங்கித் தர்றேன்" என்றேன். அப்படி ஆரம்பித்த சோதனை இது. ஐந்தாறு வருஷமாகச் செய்கிறேன், பிள்ளைகளையும் செய்ய வைக்கிறேன். மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம் ஆகும்.

எதை அளக்கிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பியில் பளுவைத் தொங்கவிட்டால் அது நீளும். நீளுவது கண்ணுக்குத் தெரியாத அளவு என்றாலும் நீளும். பளு தரும் விசையைக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. நீண்ட அளவை முதலில் இருந்த நீளத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு. தகைவைத் திரிபால் வகுத்தால் யங் குணகம். இலங்கையில் படித்தவர்கள் இதையே தகைப்பு, விகாரம், யங்கின் மட்டு என்பார்கள். பெயர் வேறு, கணக்கு ஒன்று.

எதற்கு இந்த வகுத்தல் எல்லாம்? கம்பி தடிமனாக இருந்தால் குறைவாக நீளும், நீளமாக இருந்தால் அதிகமாக நீளும். இந்த இரண்டையும் கழித்துவிட்டு, "இது எஃகு என்பதால் இவ்வளவு" என்று சொல்லக்கூடிய எண் ஒன்று வேண்டும். அதுதான் யங் குணகம். அது பொருளுக்கு உரியது. ஒரு குறிப்பிட்ட கம்பி, ஒரு குறிப்பிட்ட பலகை, எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி மதிப்பெண் போகிறது. கடைசியில் அதற்கே வருகிறேன்.

ராபர்ட் ஹூக் இந்த விதியை 1676-இல் வெளியிட்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நேரடியாகச் சொன்னால் வேறு யாராவது தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்வார்களோ என்ற பயம். அதனால் லத்தீன் வாக்கியத்தின் 14 எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கிப் புதிராக அச்சிட்டுவிட்டார். இரண்டு வருஷம் கழித்து, 1678-இல்தான் விடையைச் சொன்னார்: "உட் டென்சியோ, சிக் விஸ்". நீட்சி எப்படியோ விசையும் அப்படி. தாமஸ் யங்கின் பெயர் இதில் ஒட்டிக்கொண்டது 1807-இல் அச்சான அவருடைய சொற்பொழிவுகளால்.

சரி, வேலைக்கு வருவோம்.

வேண்டியவை

கிட்டாரின் முதல் தந்தி ஒன்று. எஃகுத் தந்தியாக இருக்க வேண்டும், நைலான் கூடாது. மேலே இன்னொரு கம்பி சுற்றப்பட்ட தடித் தந்திகளும் கூடாது, அவற்றின் பரப்பு என்ன என்று கணக்குப் போட முடியாது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு விற்கும் 0.010 இஞ்ச் தந்தி தோதானது. அதாவது 0.254 மி.மீ. விட்டம். ஒரு முனையில் சின்னப் பித்தளைக் குண்டு இருக்கும், அது நமக்கு உபயோகப்படும்.

ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஐந்து, ஒரு மஞ்சப்பை. எடைக்கல்லை விட உப்பு நல்லது. காலில் விழுந்தாலும் எலும்பு முறியாது, வேலை முடிந்தால் சமையலறைக்குப் போய்விடும். பாக்கெட்டை மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்னை ஈர்க்கு ஒன்று, அரை மீட்டர் நீளத்துக்கு, வளைவில்லாமல். புது விளக்குமாற்றிலிருந்து உருவிக்கொள்ளலாம், வீட்டில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒரு குண்டூசி, பழைய ஏடிஎம் கார்டில் ஒரு துண்டு, மி.மீ. கட்டம் போட்ட வரைபடத்தாள், கொஞ்சம் எம்-சீல், ஒரு போல்ட், அதற்கு நட்டு, இரண்டு வாஷர், ஓர் 'எஸ்' கொக்கி. பள்ளியிலிருந்து ஒரு திருகு அளவி. கண்ணாடி போடாதவர்கள் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி அவசியம் போட வேண்டும். எஃகுத் தந்தி அறுந்தால் சாட்டை மாதிரி வீசும். பைக்கு நேர் கீழே ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டுவிடுங்கள், காலை அங்கே வைக்காதீர்கள்.

ஐந்து கிலோ போட்டால் அறுந்துவிடாதா என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கிட்டாரில் கட்டிச் சுருதி சேர்த்தாலே அந்த முதல் தந்தி ஏறக்குறைய ஏழு கிலோவைத் தாங்கிக்கொண்டுதான் நிற்கிறது. ஐந்தோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் மடிந்த தந்தியை, துரு பிடித்த தந்தியை எடுக்காதீர்கள். அங்கேதான் அறும்.

கட்டுவது

குண்டு இருக்கும் முனை கீழே வர வேண்டும். குண்டுக்குப் பக்கத்தில் தந்தி தன் மேலேயே முறுக்கப்பட்டிருக்கும். பளு ஏறினால் அந்த முறுக்கு இறுகும், அந்த இறுக்கமும் நீட்சி போலத் தெரியும். அது கீழே, நாம் அளக்கும் பகுதிக்கு வெளியே கிடக்கட்டும். குண்டில் 'எஸ்' கொக்கி, கொக்கியில் பை.

மேல்முனையை முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சு வழுக்கும். போல்ட்டைச் சுற்றி ஆறு சுற்றுச் சுற்றி, வாலை இரண்டு வாஷருக்கு நடுவே வைத்து நட்டை முறுக்குங்கள். புதுத் தந்தி போட்ட கிட்டார் நாலு நாளைக்குச் சுருதி இறங்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பெரும்பாலும் எஃகு நீள்வதில்லை, சுற்றுகள்தான் இறுகிக்கொண்டிருக்கின்றன. இங்கேயும் அதே விஷயம்.

போல்ட்டை எதில் மாட்டுவது? இது பெரிய கேள்வி. இப்போதைக்குக் கான்கிரீட் கூரையில் ஃபேன் மாட்டும் கொக்கியோ, கதவு நிலையின் மூலையோ போதும் என்று வைத்துக்கொள்வோம்.

இனி ஈர்க்கு. ஒரு கிலோ போட்டால் இந்தத் தந்தி மீட்டருக்கு ஒரு மி.மீ. அளவுக்குத்தான் நீளும். அதை ஸ்கேலில் பார்த்துச் சொல்வது கஷ்டம். பத்து மடங்கு பெரிதாக்கிவிட்டால் கஷ்டமில்லை. ஒரு பலகையில் அல்லது தடித்த அட்டையில் ஈர்க்கைக் குண்டூசியால் குத்துங்கள், தாராளமாகச் சுழல வேண்டும். ஊசியிலிருந்து ஒரு பக்கம் சரியாக 4 செ.மீ., மறுபக்கம் 40 செ.மீ. சின்னப் பக்கத்து முனையில் ஏடிஎம் கார்டுத் துண்டை ஒட்டி, அதில் தந்தி நுழையும் அளவுக்கு ஒரு பிளவு வெட்டுங்கள். தந்தியில், மேல் போல்ட்டிலிருந்து சுமார் 90 செ.மீ. கீழே, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எம்-சீலில் மிளகு அளவு உருண்டை ஒன்று வையுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். அவசரப்பட்டால் உருண்டை வழுக்கும், நானே அப்படி ஒரு சாயங்காலத்தை வீணாக்கியிருக்கிறேன்.

பலகையைச் சுவரோடு அசையாமல் நிறுத்தி, பிளவுக்குள் தந்தி வரும்படியும் கார்டுத் துண்டு உருண்டைக்கு நேர் கீழே இருக்கும்படியும் வையுங்கள். நீளப் பக்கம் தன் எடையாலேயே கீழே தொங்கப் பார்க்கும், அதனால் சின்னப் பக்கம் மேலே எழும்பி உருண்டையை எப்போதும் தொட்டுக்கொண்டே இருக்கும். தந்தி நீண்டால் உருண்டை இறங்கும், கார்டை அமுக்கும், ஈர்க்கின் நுனி பத்து மடங்கு மேலே போகும். நுனிக்குப் பின்னால் வரைபடத்தாளை ஒட்டினால் கருவி தயார். ஒரு கிலோவுக்கு நுனி ஒன்பது மி.மீ. போல நகரும். தெருவில் போகிறவர்கூட எட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

4 செ.மீ. என்பதில் ஒரு மி.மீ. தப்பினால் விடையில் 2.5 சதவீதம் தப்பும். ஊசியிலிருந்து உருண்டை தொடும் இடம் வரை அளக்க வேண்டும், கார்டின் நுனி வரை இல்லை.

அளப்பது

முதலில் ஐந்து கிலோவையும் மெதுவாக ஏற்றி, இறக்கிவிடுங்கள். இதற்குக் கணக்கு எழுத வேண்டாம். சுற்றுகள் இறுகட்டும், சின்னக் கோணல்கள் நிமிரட்டும்.

பிறகு ஒரு கிலோவை மட்டும் பையில் வைத்து, நுனி நிற்கும் இடத்தைச் சுழி என்று குறியுங்கள். மேல் போல்ட்டிலிருந்து உருண்டை வரை உள்ள நீளத்தை இந்த நிலையில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பாக்கெட்டாக ஏற்றுங்கள். போடாதீர்கள், வையுங்கள். தொபுக்கென்று போட்டால் ஒரு நொடி விசை இரண்டு மடங்குக்கும் மேல் போகும். ஒவ்வொரு தடவையும் நுனி ஆடி நின்ற பிறகு குறியுங்கள். ஐந்து வரை போய், அதே மாதிரி ஒவ்வொன்றாக இறக்கி மறுபடி குறியுங்கள்.

என் நோட்டில் இருப்பது இது. சுழிக்கு மேல் ஒரு கிலோ: நுனி 9 மி.மீ. இரண்டு: 17.5. மூன்று: 26. நான்கு: 35. இறக்கும்போதும் அரை மி.மீ. வித்தியாசத்துக்குள் அதே எண்கள். சுழிக்குத் திரும்பி வந்தது. இறக்கும்போது சுழிக்கு வரவில்லை என்றால் எங்கேயோ வழுக்கியிருக்கிறது, அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

விட்டத்தைத் திருகு அளவியால் மூன்று இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். சுழிப்பிழையை, அதாவது நடுவில் எதையும் வைக்காதபோதே அளவி காட்டும் எண்ணை, கழிக்க மறக்கக் கூடாது. எனக்கு 0.25 மி.மீ. வந்தது.

கணக்கு

விசை: 4 × 9.8 = 39.2 நியூட்டன். கிலோவை அப்படியே போட்டுவிடுவது வருஷா வருஷம் நாலு பேர் செய்யும் தப்பு.

பரப்பு: ஆரம் 0.125 மி.மீ. 3.14 × 0.125 × 0.125 = 0.0491 சதுர மி.மீ., அதாவது 4.91 × 10⁻⁸ சதுர மீட்டர். விட்டத்தையே ஆரமாகப் போடுவது இன்னொரு நாலு பேர். மி.மீ.யை மீட்டராக்கும்போது ஆயிரம், சதுர மி.மீ.யைச் சதுர மீட்டராக்கும்போது பத்து லட்சம், இதை மறப்பவர்கள் அதற்கும் மேலே.

தகைவு: 39.2 ÷ 4.91 × 10⁻⁸ = சுமார் 8 × 10⁸ பாஸ்கல்.

நீட்சி: நுனி 35 மி.மீ., பத்தில் ஒன்று 3.5 மி.மீ. நீளம் 900 மி.மீ. திரிபு 0.0039. இதற்கு அலகு கிடையாது.

வகுத்தால் 2.05 × 10¹¹ பாஸ்கல். எஃகுக்கு அட்டவணைகளில் இருப்பது 2 × 10¹¹. உப்புப் பாக்கெட்டுக்கும் விளக்குமாற்று ஈர்க்குக்கும் இது போதாதா?

ஆனால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். திருகு அளவி 0.01 மி.மீ. வரைதான் காட்டும். 0.25-இல் 0.01 என்பது 4 சதவீதம். பரப்பில் விட்டத்தின் இருமடி வருவதால் அது 8 சதவீதமாகிவிடும். நீட்சியில் நாம் இவ்வளவு பாடுபட்டுக் குறைத்த பிழையை விட இது பெரிது. பாக்கெட்டில் அச்சிட்ட 0.254-ஐப் போட்டால் விடை 1.99 × 10¹¹ ஆகிறது. நீளத்தை நான்கு தடவை அளந்துவிட்டு விட்டத்தை ஒரே தடவை அளப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நீளத்தில் ஒரு மி.மீ. தவறினால் போவது ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒற்றைப் புள்ளியை நம்பாமல், பளுவை ஒரு அச்சிலும் நீட்சியை இன்னொரு அச்சிலும் போட்டு வரைபடம் வரைந்து, சாய்விலிருந்து கணக்கிடுவது இன்னும் நல்லது. கோடு சுழிப்புள்ளி வழியாகப் போகாவிட்டாலும் கவலை வேண்டாம், சாய்வு சரியாக இருந்தால் போதும்.

செம்பு வந்த கதை

பள்ளியில் இதைச் செய்தபோது மாட்டுவதற்குக் கொக்கி கிடைக்கவில்லை. இரண்டு இரும்பு பீரோக்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, மேலே 12 மி.மீ. சதுர இரும்புக் கம்பியைக் குறுக்கே போட்டார்கள் பிள்ளைகள். தந்தியை அந்தக் கம்பியிலேயே நடுவில் ஆறு சுற்றுச் சுற்றி வாலை முறுக்கினார்கள். பலகையைச் சுவரில் சார்த்தினார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நுனி நகர்ந்த அளவு: 15, 29, 44, 58.5. அச்சுப் பிசகாத நேர்கோடு. இறக்கும்போது சுழிக்கும் வந்துவிட்டது.

விடை 1.23 × 10¹¹. அட்டவணையில் செம்புக்கு 1.2 × 10¹¹ என்று போட்டிருந்தது. பதிவேட்டில் ஒரு மாணவி முத்து முத்தாக எழுதிவிட்டாள்: "தந்தி செம்பால் ஆனது."

"காந்தம் ஒட்டுதே மிஸ்" என்றான் பின்னாலிருந்து ஒருவன். அவள் விடவில்லை. கணக்கு சரி, நேர்கோடு சரி, அட்டவணை சரி. உண்மையில் அவள் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. செம்பு என்றால் செம்பைப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்றேன்.

மோட்டார் காயில் கட்டும் கடையில் 30 கேஜ் சுற்றுக் கம்பி கேட்டு வாங்கினோம். 0.315 மி.மீ. விட்டம், தந்தியை விடத் தடிமன். மேலே எனாமல் பூச்சு இருக்கும், சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். அதையும் 90 செ.மீ. கட்டினோம். இருநூறு கிராம் வரை ஈர்க்கு நுனி ஏதோ கொஞ்சம் நகர்ந்தது, எடுத்ததும் திரும்பி வந்தது. ஒரு கிலோ வைத்ததும் கம்பி பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. ஈர்க்கு வரைபடத்தாளைத் தாண்டிப் போய்விட்டது. பளுவை எடுத்தோம், கம்பி திரும்பவில்லை. நீண்டது நீண்டதுதான். மேலும் கால் கால் கிலோவாக ஏற்றினோம். பத்து செ.மீ.க்கும் மேல் நீண்டு, ஒன்றரைக் கிலோவைத் தாண்டியதும் அறுந்தது. அறுந்த துண்டைத் திருகு அளவியில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். விட்டம் சிறுத்திருந்தது.

ஒரு கிலோ என்பது அந்தக் கம்பியில் சதுர மி.மீ.க்கு 126 நியூட்டன். காய்ச்சி மென்மையாக்கிய செம்பின் மீட்சி எல்லை அதற்கு ரொம்பக் கீழேயே முடிந்துவிடுகிறது. கிட்டார் தந்தியோ அதைப் போல ஏழெட்டு மடங்கு தகைவைத் தாங்கிவிட்டுச் சாதுவாகத் திரும்பி வருகிறது. யங் குணகம் என்பது எவ்வளவு பளுவில் அறும் என்பதைச் சொல்வதில்லை, எவ்வளவு பளு வரை திரும்பி வரும் என்பதையும் சொல்வதில்லை. திரும்பி வருகிற வரைக்கும் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. தேர்வில் அடிக்கடி வரும் "ரப்பர், எஃகு, எதற்கு மீட்சித்தன்மை அதிகம்?" என்ற கேள்விக்கு எஃகு என்று எழுத வேண்டியதும் இதனால்தான். அதே திரிபுக்கு எஃகு திருப்பித் தரும் விசை பல மடங்கு அதிகம். ரப்பர் பேண்டையும் ஒருநாள் தொங்கவிட்டுப் பாருங்கள். ஏற்றும்போது ஒரு கோடு, இறக்கும்போது வேறு கோடு வரும். நடுவில் போன ஆற்றல் சூடாகிவிட்டது. 

"அப்போ இது செம்பில்ல மிஸ்" என்று ஒத்துக்கொண்டாள். ஆனால் கண்ணில் கேள்வி அப்படியே இருந்தது. வழுக்கலா? வழுக்கியிருந்தால் சுழிக்குத் திரும்பியிருக்காது. விட்டம் தப்பா? அவ்வளவு பெரிய வித்தியாசத்துக்குச் சுமார் 0.195 மி.மீ. இருக்க வேண்டும், இல்லை. அப்படியானால் நீண்டு, பிறகு ஒழுங்காகத் திரும்பியும் வந்த வேறு ஏதோ ஒன்று கருவிக்குள் இருக்கிறது.

நான் சொல்லவில்லை. உருண்டைக்குச் செய்ததை மேலேயும் செய்து பார் என்று மட்டும் சொன்னேன். ஈர்க்குப் பலகையை மேலே தூக்கி, கார்டுத் துண்டை இரும்புக் கம்பியின் அடியில் படும்படி பிடித்துக்கொண்டார்கள். நான்கு கிலோ ஏற்றினார்கள். நுனி 24 மி.மீ. ஏறியது. இரும்புக் கம்பி 2.4 மி.மீ. வளைந்து இறங்கியிருக்கிறது. அவர்கள் அளந்த 5.85 மி.மீ.யில் அது போக 3.45. மறுபடி வகுத்தால் 2.08 × 10¹¹. எஃகு.

பளுவைத் தொங்கவிட்டால் தந்தி மட்டும் நீளும் என்று நினைத்துக்கொள்கிறோம். தந்தி, போல்ட், குறுக்குக் கம்பி, கூரை எல்லாமே கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன. சேர்ல் கருவியில் எதற்கு இரண்டு கம்பிகள் என்று பிள்ளைகள் மனப்பாடமாக எழுதுவார்கள். ஒரே தாங்கியில் இரண்டையும் தொங்கவிட்டு, ஒன்றில் மட்டும் பளுவை மாற்றி, இன்னொன்றை ஒப்பிட்டு அளக்கும்போது, தாங்கி இறங்கினால் இரண்டும் சேர்ந்து இறங்கும், வித்தியாசத்தில் அது கழிந்துவிடும். சூடு ஏறி நீண்டாலும் அப்படியே. வீட்டில் இரண்டாவது கம்பி கட்டுவது சள்ளை. அதனால் தாங்கியையும் இப்படி ஒருமுறை தனியாக அளந்துவிடுங்கள்.

வளைவதையும் அளந்துவிடலாம்

அந்த இரும்புக் கம்பி வளைந்ததே, அதுவேதான் பிளஸ் ஒன் செய்முறையில் வரும் சீரற்ற வளைவு. அங்கே மீட்டர் ஸ்கேலை இரண்டு கத்தி முனைகளில் வைத்து, நடுவில் 50 கிராம் 50 கிராமாகத் தொங்கவிட்டு, ஊசி நுனி எவ்வளவு இறங்குகிறது என்று நகரும் நுண்ணோக்கியில் பார்க்கிறோம். சூத்திரத்தில் நீளத்துக்கு மும்மடி, அகலத்துக்கு ஒருமடி, தடிமனுக்கு மும்மடி. 6 மி.மீ. ஸ்கேலில் தடிமன் 0.1 மி.மீ. தவறினால் விடை 5 சதவீதம் தவறும். எனவே இங்கேயும் அதே புத்திமதி: நுண்ணோக்கியோடு மல்லுக்கட்டும் நேரத்தில் கால்வாசியைத் தடிமன் அளப்பதற்குக் கொடுங்கள். மை பட்ட ஓரத்தில் அளக்காதீர்கள், நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். நுண்ணோக்கித் திருகை ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள், தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வாருங்கள்.

இதே ஸ்கேலைச் செங்குத்தாக, ஓரத்தில் நிறுத்திப் பளு வைத்துப் பாருங்கள். 25 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் என்றால், படுக்க வைத்ததை விடப் பதினேழு மடங்கு குறைவாக வளையும். மரம் அதே மரம், யங் குணகம் மாறவே இல்லை. மாறியது அந்தப் பொருளின் விறைப்பு. ஓட்டு வீட்டு உத்திரத்தை ஆசாரி ஏன் படுக்க வைப்பதில்லை என்று யாரும் அவருக்குச் சூத்திரம் சொல்லித் தந்ததில்லை.

மறுநாள் காலை நான் ஆய்வகத்துக்குள் நுழையும்போது பீரோக்களுக்கு மேலே இரும்புக் கம்பி இல்லை. பழைய பெஞ்சிலிருந்து கழன்ற பலகை ஒன்று, பத்து செ.மீ. உயரம், இரண்டரை செ.மீ. கனம், ஓரத்தில் நிறுத்தி இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அண்டை கொடுத்திருந்தார்கள். நடுவில் துளை போட்டுப் போல்ட்டை நுழைத்து, வாஷருக்கு நடுவே தந்தியைப் பிடித்திருந்தார்கள். மரத்தின் யங் குணகம் எஃகினுடையதில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனாலும் கணக்குப் போட்டால் அந்தப் பலகை நான்கு கிலோவுக்கு 0.04 மி.மீ. வளையும். இரும்புக் கம்பி வளைந்ததில் அறுபதில் ஒரு பங்கு. கார்டுத் துண்டைப் பலகையின் அடியில் வைத்துப் பார்த்தோம், ஈர்க்கு அசைந்ததாகவே தெரியவில்லை.

தந்தியில் வைத்துப் பார்த்தார்கள். நுனி 35-இல் நின்றது. அவள் பதிவேட்டை எடுத்து, 'செம்பு' என்ற சொல்லை அழிரப்பரால் அழிக்காமல் ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே 'எஃகு' என்று எழுதி, ஓரத்தில் அன்றைய தேதியைப் போட்டாள்.